பிரஷ்பூச்சியும் பத்தும்

கம்பி வெட்டும் குறட்டால் பல் துலக்கும் பிரஷின் தலையை நறுக்கியபோது அது துள்ளிப் போய் என் கணவரின் மடியில் விழுந்தது. அவர் அதை இடக் கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பத்து" என்றார்.

அப்போது அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு சொல்தான்.

தைப்பூசம் கழிந்து வந்த சனிக்கிழமை காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அன்று பட்டர்வொர்த்தில் அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். பத்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவதாகப் பேச்சு. நான் அறைக்குள் புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் டீவி முன்னால் இருந்தார். அங்கிருந்து என்னவோ கேட்டார். காற்றாடிச் சத்தத்தில் "பத்து" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"இன்னும் பத்து ஆகலங்க. ஒம்பதரைதான்" என்று உள்ளிருந்தே சொன்னேன்.

மறுபடியும் அதையே கேட்டார், கொஞ்சம் எரிச்சலோடு.

"அதான் ஆகலன்னு சொல்றேன்ல!"

அடுத்து வந்தது நாற்காலி சாயும் சத்தம்.

மூளையின் இடப்பக்கம் என்றார்கள். வலக் கையும் வலக் காலும் போயின. பேச்சும் போனது. சில நாள் கழித்து, ஊசி போட வந்த தாதியிடம் அவர் திடீரென்று "பத்து" என்றார். நான் வார்டுக்கு வெளியே ஓடிப் போய் மகளுக்குப் போன் செய்தேன். பேச்சு வந்துவிட்டது என்று சொன்னேன்.

வந்தது அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் பத்து, முதுகு வலித்தாலும் பத்து. ஆனால் சொல்லும் விதம் எதுவும் குறையவில்லை. கேள்வியாகக் கேட்பார், அதட்டுவார், கெஞ்சுவார், கிண்டல் செய்வார். அடுப்படியில் நின்று கேட்டால், கூடத்தில் ஒரு மனிதர் யாருடனோ நன்றாகவே உரையாடிக்கொண்டிருப்பது போலிருக்கும்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருபவர் இளம் மலாய்ப் பெண். முதல் நாளே அந்தப் பெண்ணின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்கிறது. மலாயில் பத்து என்றால் கல். "என்ன கல், அங்கிள்?" என்று அவர் குனிந்து கேட்டார். நான் குறுக்கே புகுந்து, அது மலாய் இல்லை, தமிழில் பத்து என்பது எண், பத்தாம் எண் என்று திருத்தினேன். அவர் நன்றி சொல்லி அப்படியே பதிவு செய்துகொண்டார். எங்களிடம் அவர் பேசுவது மலாயில்தான். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

அன்றே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். முதல் ஆறு மாதம்தான் முக்கியம். காத்திருப்போர் அதிகம், ஆட்கள் குறைவு. ஆறாம் மாதப் பரிசோதனையில் இன்னொரு சொல்லாவது வந்திருந்தால் தொடர்ந்து பயிற்சிக்கு வரலாம். வராவிட்டால் வீட்டோடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒரே ஒரு சொல் போதும், ஆன்ட்டி. எந்த மொழியாக இருந்தாலும் சரி."

நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதன் மேலும் தேதி எழுதிவைப்பது பழக்கம். வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கம், சோறாக்கும் குக்கரின் அடிப்பாகம், காற்றாடியின் பின்புறம் எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கும். ஆகவே எனக்கு அந்தச் சொல் தேதியாகத்தான் பட்டது. பத்தாம் தேதி என்ன நடந்தது? எங்கள் கல்யாணம் அன்றில்லை. மகள் பிறந்தது அன்றில்லை. அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்ததும் அன்றில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். சில நாட்களில் நான் வாயைத் திறக்குமுன்பே கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார்.

எங்களுடையது ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. எதிர்வீட்டுப் பெண் தினமும் சாயங்காலம் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"அக்கா, கோவிச்சுக்கக்கூடாது. அண்ணே பத்து பத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்காரே. நம்பர் எடுத்துப் பாக்கலாமா?"

"என்ன நம்பர்?"

"பத்துப் பத்து. இல்லன்னா சைபர் சைபர் பத்து. சீக்கா இருக்கிறவங்க வாயில வர்றது அடிக்கும்னு சொல்வாங்கல்ல."

"நாலு நம்பர்ல ரெண்டுதான் அவரு சொல்றாரு. மீதி ரெண்டு நீயே போட்டுக்கிறியா?"

"அதுக்குத்தானே சைபர் இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை நாலு இலக்க லாட்டரிக் குலுக்கல் முடிந்ததும் நேராக அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னாண்ணே இது? உங்கள நம்பி நம்பர் கடைக்குப் போனேன். பக்கத்துலகூட வரல. இனிமே பதினொண்ணுன்னு சொல்லிப் பாருங்க, பாப்போம்."

"பத்து!" என்றார் அவர். உனக்கு நன்றாக வேண்டும் என்பது போல. ஒரு பக்கம் இழுத்த வாயால் சிரித்தார். நோய் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

பூச்சி செய்யும் யோசனை மகளுடையது. அவள் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் கடல் பாலம் கடந்து காடியை ஓட்டிக்கொண்டு வருவாள். சித்திரை பிறந்த வாரம் வந்தவள், அப்பாவின் விரல்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"ம்மா, பிரஷ்பூச்சி ஞாபகம் இருக்கா? அப்பா செஞ்சு குடுப்பாரே."

அவள் தொடக்கப்பள்ளியில் படித்தபோது பள்ளி விடுமுறையில் அவர் செய்து தருவார். பிரஷின் தலையை மட்டும் நறுக்கி, அதன் முதுகில் பழைய பேஜரிலிருந்து கழற்றிய அதிரும் மோட்டாரை ஒட்டுவார். கைக்கடிகாரத்தில் இருக்குமே, அந்த மாதிரி வட்டமான சின்ன பேட்டரி ஒன்றை மேலே வைத்து ஒயரைச் சேர்த்தால் அந்தப் பூச்சி 'உர்ர்' என்று மேசை மேல் ஓடும். கண்ணில்லை, காதில்லை. முட்டினால் திரும்பும், விளிம்பு வந்தால் விழும். இரண்டு செய்து பந்தயம் விட்டிருக்கிறார்கள். மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லாமல் நான் சத்தம் போட்டிருக்கிறேன்.

கைக்குப் பழகிய வேலை எதையாவது செய்யச் சொல்லி, செய்யும்போது ஒவ்வொரு பொருளின் பேரையும் சொல்லிக்கொண்டே இருங்கள் என்று பயிற்சியாளரும் சொல்லியிருந்தார். பிரஷ், ஒயர், மோட்டார், பேட்டரி. இந்த நான்கில் ஒன்று வந்தால் போதும். எதுவுமே கஷ்டமான சொல் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பிரஷ் புதிதாகவே ஒன்று வீட்டில் இருந்தது. மோட்டாருக்கு அவருடைய பழைய பட்டன் போனைப் பிரித்தேன். அதற்குள் ஓர் அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக அது கிடந்தது. அதன் நுனியில் அரைவட்டமாக ஒரு சின்ன இரும்புத் துண்டு. அந்தத் துண்டு ஒருபக்கக் கனத்தோடு சுற்றுவதால்தான் அதிர்வு வருகிறது. அதிர்வில் பிரஷின் மயிர்கள் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பூச்சி நகரும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது படித்துத்தான். கை படிக்கவில்லை. மோட்டாரை நெம்பி எடுத்தபோது தலைமயிர் போன்ற அதன் ஒயர் அடியோடு அறுந்துபோனது.

அவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி, "ச்சு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். உடனே மகளுக்குப் போன் செய்தேன். "'ச்சு'ங்கிறது ஒரு சொல்லா?"

"அது சத்தம்மா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளே தன் பழைய கைபேசியிலிருந்து ஒரு மோட்டாரைப் பத்திரமாகக் கழற்றி, பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்தாள். பேட்டரியும் பஞ்சு நாடாவும் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை பசியாறிய பிறகு மேசையைத் துடைத்து எல்லாவற்றையும் அவர் முன் வரிசையாக வைத்தேன். கதையின் தொடக்கத்தில் சொன்ன பிரஷை நறுக்கியது அப்போதுதான்.

"இது பிரஷ். எங்க, சொல்லுங்க. பி..."

"பத்து."

"இது ஒயர்."

"பத்து."

"மோட்டார். மோ..."

உதட்டைக் குவித்துப் பார்த்தார். நானும் என் உதட்டைக் குவித்துக்கொண்டு காத்திருந்தேன். "பத்து" என்றார்.

இருபுறமும் ஒட்டும் பஞ்சு நாடாவை பிரஷின் முதுகில் ஒட்டி, இரும்புத் துண்டு எதிலும் இடிக்காமல் மோட்டாரைப் பதித்தேன். அடுத்து பேட்டரி. நான் பேரைச் சொல்லுமுன்பே அவர் அதை என் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டார். ஓர் ஒயரை அடியில் விட்டு, பேட்டரியை நாடாவின் மேல் கட்டைவிரலால் அழுத்தினார். இடக் கைதான், ஆனாலும் தடுமாறவில்லை. பிறகு அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, என்னைப் பார்த்து, மெதுவாக, "பத்து" என்றார்.

இது வேறு குரலாக இருந்தது. பேர் சொல்லும் குரல்.

அவர் பிறந்து வளர்ந்தது பாகான் டாலாமில். அங்கே அவர் வீட்டில் டார்ச்லைட்டுக்குப் போடும் பேட்டரியைப் பத்து என்றுதான் சொல்வார்கள். மலாய்க்காரர்கள் அதையும் பத்து, அதாவது கல் என்று சொல்வதால் வந்த வழக்கம். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "கடைக்குப் போனா பத்து வாங்கிட்டு வா" என்றார். "பத்து என்னாங்க? பத்து வாழைப்பழமா?" என்று கேட்டேன். வீட்டில் அது நெடுநாள் சிரிப்பாக ஓடியது. பிறகு அவர் பேட்டரி என்று சொல்லத் தொடங்கினார். பழையது எனக்கு மறந்தே போய்விட்டது.

"பேட்டரியா? இவ்வளவு நாளும் பேட்டரியத்தான் சொன்னீங்களா?"

தலையை ஆட்டினார். ஆமாம், ஆமாம் என்று பலமுறை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. நான் மேல் ஒயரைத் தொட்டு ஒட்டியதும் பூச்சி உறுமிக்கொண்டு கிளம்பியது. நேராக ஓடவில்லை, வட்டமடித்தது. விளிம்புக்கு வந்தபோது அவர் உள்ளங்கையைக் குவித்து அதைத் தடுத்தார்.

மகளிடம் போனில் மூச்சு வாங்கச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"அப்பா என்கிட்ட எப்பவும் பத்துன்னுதான் சொல்வாரு. நீங்க பக்கத்துல இருந்தா பேட்டரிம்பாரு."

"அப்புறம் ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அவரு மணி கேட்டாருன்னு நீங்கதானேம்மா எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது பூச்சியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துப் போனோம். நடந்ததைச் சொன்னேன். எண்ணும் இல்லை, கல்லும் இல்லை, பேட்டரி. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். "நான் கேட்டது பாதி சரிதான் இல்லையா, ஆன்ட்டி?" என்றார். பூச்சியை மேசையில் ஓடவிட்டு ரசித்து, உறுமும்போதே அதை டப்பாவுக்குள் விட்டார். பிறகு பேட்டரி, குவளை, சாவி, சீப்பு நான்கையும் வைத்து, "அங்கிள், பத்து எது?" என்று கேட்டார். என் கணவர் சரியாகப் பேட்டரியைத் தொட்டார். குவளை எது, சாவி எது என்றும் மாறி மாறிக் கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்று குவளையைத் தூக்கிக் காட்டினார்.

"பத்து."

சாவியைக் காட்டினார்.

"பத்து." சொன்னவுடனே தலையை வேகமாக ஆட்டினார். இல்லை, அதில்லை. தான் சொன்னது தப்பு என்று அவருக்குத் தெரிகிறது.

சீப்பு. அவர் வாயைத் திறந்தார். மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் இருவரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது அதே சொல்தான். இடக் கையால் மேசையை ஓங்கி அடித்தார். டப்பா கீழே விழுந்து, பூச்சி தரையில் மல்லாந்து உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்தான் எடுத்து ஒயரைப் பிரித்துவைத்தார்.

பிறகு நிதானமாக விளக்கினார். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுகிறது. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் அதுவே வந்து விழும். அவர் அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வதில்லை. பேட்டரியைக் காட்டும்போது பொருந்துகிறது, அவ்வளவுதான். தாக்குதல் வந்த நேரத்தில் வாயில் இருந்த சொல்லே சிலருக்கு அப்படித் தங்கிவிடுவதாக ஒரு கருத்து உண்டு, நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்.

"அன்றைக்கு அங்கிள் என்ன பேசிக்கொண்டிருந்தார்?"

"மணி கேட்டார்" என்றேன், பழக்கத்தில்.

அந்தப் பெண் மேசையில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் டப்பாவைக் காட்டினார். பூச்சியை இயக்குவதை மட்டும் அவரே செய்வார். மேல் ஒயரை நகத்தால் தள்ளி நாடாவுக்குள் செருகினார். நான் அதை வாங்கித் தரையில் விட்டேன். அது சுற்றிச் சுற்றிப் போய் டீவி அலமாரிக்கு அடியில் நுழைந்து, சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே உறுமியது. நான் தரையில் படுத்துத் துடைப்பத்தின் காம்பை உள்ளே விட்டு இழுத்தேன். தூசி வந்தது. பூச்சி வந்தது. கூடவே கறுப்பாக ஒரு சின்ன மூடி வந்தது.

ரிமோட்டின் பின்மூடி. அந்தச் சனிக்கிழமையிலிருந்து ரிமோட்டுக்கு மூடி இல்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்த அமளியில் எங்கோ போயிருக்கும் என்று நினைத்து, புது பேட்டரி போட்டு ரப்பர் வளையம் மாட்டிவைத்திருந்தேன். பழைய பேட்டரிகள் இரண்டும் அன்று சோபா மேல் கிடந்ததுகூட ஞாபகம் வந்தது. கீழே விழுந்து கழன்றிருக்கும் என்றுதான் அப்போது எண்ணினேன்.

மூடியைத் துடைத்துப் பொருத்தினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. ரிமோட்டை அவரிடம் காட்டினேன்.

"அன்னைக்கு இதுக்கு பத்து எங்கன்னு கேட்டீங்களா?"

ரிமோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆமாம் என்று ஒருமுறை தலையை ஆட்டினார்.

"நான் ஒம்பதரைன்னு சொன்னேன்."

அதற்கும் தலையை ஆட்டினார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியாது.

திரும்பி வரும் பேச்சின் முதல் சொல் என்று நான் வார்டிலிருந்து ஓடிப்போய்ச் சொன்னது, போன பேச்சின் கடைசிச் சொல். எப்போது, எங்கே, எதற்காகச் சொன்னது என்பது வரை இப்போது எனக்குத் தெரியும். வேறு எதைப் பற்றியும் இவ்வளவு சரியாக நான் அறிந்ததில்லை. அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனாலும் ஆடி வரை விடவில்லை. தினமும் பசியாறியதும் பூச்சியைப் பிரிப்போம், மறுபடி சேர்ப்போம். பிரஷ், ஒயர், மோட்டார். மயிர்களைக் கத்தியின் முதுகால் ஒரே பக்கமாக அழுத்திச் சாய்த்தபின் அது வட்டமடிப்பதை விட்டு நேராக ஓடக் கற்றது. எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, "அண்ணே, இது உங்களவிட வேகமா நடக்குதே, விடாதீங்க!" என்று சீண்டுவாள். அவர் அவளைப் பார்த்துக் கையை ஓங்குவார். பத்து என்பார். நான் அடுத்த பொருளை எடுத்துக் காட்டுவேன்.

ஆறாம் மாதப் பரிசோதனையில் அந்தப் பெண் அட்டைகளைக் காட்டினார். குவளை, சாவி, சீப்பு, பூனை, வீடு. பாதியிலேயே நிறுத்திவிட்டு அட்டைகளைத் தட்டி அடுக்கினார். படங்கள் போட்ட சில தாள்களை என்னிடம் கொடுத்தார்.

"இனி வீட்டிலேயே செய்யுங்கள், ஆன்ட்டி. ஏதாவது மாற்றம் தெரிந்தால் கூப்பிடுங்கள்."

"மாற்றம் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்தார். நடைபாதையில் அடுத்த நோயாளியின் மகன் சக்கர நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

எங்கள் கூடத்தில் தினமும் கிழிக்கும் நாள்காட்டி தொங்குகிறது. காலையில் முதல் வேலையாக அதைக் கிழிப்பேன். இம்மாதம் ஒரு காலை நான் தாளைக் கிழித்துத் திரும்பியபோது அவர் சுவரைப் பார்த்தபடி, "பத்து" என்றார்.

சுவரில் பத்தாம் தேதி இருந்தது.

"ஆமாங்க. இன்னைக்குப் பத்துதான்" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். "பத்து" என்றார் மறுபடியும், கொஞ்சம் எரிச்சலோடு.

"தண்ணியா?" இல்லை. "காத்தாடி போடவா?" இல்லை. "பாத்ரூமா?" இல்லை. ரிமோட்டைக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். பூச்சியைக் கொண்டுவந்து கையில் வைத்தேன். சில நாளாகவே அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். இதுவுமில்லை என்று மேசை மேல் வைத்தார்.

சன்னலைத் திறந்தேன். மூடினேன். கால்மாட்டில் போர்வையைச் சரி செய்தேன். மகள் பேரைச் சொன்னேன். எதிர்வீட்டைக் கைகாட்டினேன். வேறு என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவரும் என் கண் போன இடமெல்லாம் பார்த்தார்.

கடைசியில் போகட்டும் என்பது போல இடக் கையை அசைத்தார். நான் அடுப்படிக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.